இர்யாவின் ஸ்கோப் மூடி

கை முடியாதவர்களுக்கு மற்றவர்கள் செய்யும் முதல் அநியாயம், கையில் இருப்பதை வாங்கிக்கொள்வதுதான். "குடு, நான் பண்றேன்" என்று ஒரு வார்த்தை. முதலில் காப்பிக் குவளை போகும், பிறகு கார் சாவி போகும். கடைசியில் உட்கார்ந்திருக்கிற நாற்காலியையும் ஜன்னலிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு, எல்லாம் உன்மேல் உள்ள அன்பு என்பார்கள். இர்யா சல்மெலாவுக்கு இந்த அன்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில், கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். ஏரியிலிருந்து பனி கொட்டும் காலைகளில் பள்ளிப் பேருந்துக்கு முன்னால் பாதை திறந்துகொண்டு போனவள். அந்த லாரியில் பெண் ஒருத்தி ஏறியது அதுதான் முதல் தடவை. "கியர் மாத்தத் தெரியுமா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க, தள்ளிய பனியையெல்லாம் அவர் வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போனாள். மனிதர் காரை வெளியே எடுக்க தினமும் மண்வெட்டி பிடித்தார். மறுபடி அவளிடம் கியரைப் பற்றிப் பேசவில்லை.

நடுவில் ஒரு கல்யாணமும் செய்து பார்த்தாள். புருஷன் குடித்தான். குடித்ததைப் பொறுத்துக்கொண்டாள்; ஒருநாள் கையை ஓங்கினான், அதைப் பொறுக்கவில்லை. அவனுடைய துணிமணி, தூண்டில், தொலைக்காட்சி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அவன் அம்மா வீட்டில் இறக்கிவிட்டு, வரும் வழியில் பாதையையும் சுத்தம் செய்துகொண்டு வந்தாள்.

இப்போது அறுபத்தாறு வயதில் முடக்குவாதம். காலையில் எழும்போது விரல்கள் மூடினபடியே இருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் திறக்கும், முழுதாகத் திறக்காது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்கும் பிடி அடியோடு போய்விட்டது. பொத்தான், ஜிப், மருந்துப் புட்டியின் மூடி இவையெல்லாம் அவளுக்குச் சத்துருக்கள். ஆனால் துப்பாக்கியின் விசையை மடக்கி இழுக்கும் அளவுக்கு விரல் வளைந்தது. தோள் உறுதியாக இருந்தது. கண்ணில் குறையில்லை. இருப்பதை வைத்து அவள் வேலையைப் பார்த்துக்கொண்டாள். அதில் யாரும் தலையிடாமல் இருந்தால் போதும் என்றிருந்தாள். ஊரில் எல்லாரும் தலையிட்டார்கள். அதிகம் தலையிட்டவன் அவளுடைய தம்பி வைனோ.

அப்பா இருவருக்கும் சேர்த்து விட்டுப்போனது காட்டுக்குள் ஒரு கேம்ப். மரப்பலகை வீடு, விறகடுப்பு, பக்கத்தில் நீராவிக் குளியலுக்கு ஒரு சவுனா. பாதி அவளுடையது, பாதி அவனுடையது. ஆனால் நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டைக் காலம் திறந்துவிட்டால் கேம்ப்புக்கு ஒரு தலைவர் இருப்பார். யார் எங்கே உட்காருவது, யார் விறகு பிளப்பது என்று சொல்வார். அந்தத் தலைவர் எப்படியோ ஒவ்வொரு வருடமும் வைனோவாகவே இருந்தான். யார் வாக்களித்தார்கள் என்று இர்யாவுக்கு இன்றுவரை தெரியாது.

அவள் உட்காருவது பீவர் என்ற பிராணி கிளைகளை அடுக்கிக் கட்டிய அணைக்குப் பக்கத்தில், பலகை அடித்த ஒரு மறைப்பில். முன்னால் சதுப்பு, அதைத் தாண்டி தேவதாரு அடர்த்தி. குளிர் கூடினால் மான்கள் அந்த அடர்த்தியிலிருந்து இறங்கி அணையின் விளிம்போடு நடந்து போகும். அங்கே உட்கார்ந்துதான் அவள் அத்தனை வருடக் குளிர்காலத்துக்கும் இறைச்சி சேர்த்தாள். வருடத்தில் அவளை யாரும் "எப்படி இருக்க, கை எப்படி" என்று கேட்காத இடமும் அது ஒன்றுதான்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வந்தது ஒரு மூடியால்.

போன வருடம் வைனோ அவளுடைய துப்பாக்கிக்கு ஒரு பரிசு வாங்கி வந்தான். துப்பாக்கியின் மேல் இருக்கும் குறிபார்க்கும் குழாயான ஸ்கோப்புக்கு முன்னாலும் பின்னாலும் மாட்டும் மூடிகள். ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான், அதை அமுக்கினால் ஸ்பிரிங் வேகத்தில் மூடி எகிறித் திறக்கும். கிள்ளிப் பிடிக்க முடியாதவளுக்குப் பொத்தான் வைத்த சாமான். அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. கழன்று விழாமல் இருக்க உள்ளே கறுப்பு டேப்பைச் சுற்றி, அவனே மாட்டியும் கொடுத்துவிட்டான். "உனக்கு சிரமம் இல்லாம பண்ணிட்டேன்" என்றான்.

திறப்பு நாளில் மழையும் பனியும் கலந்து பெய்தது. பெரிய கிடா மான் ஒன்று அணை ஓரம் வந்து நின்றது. இர்யா பொத்தானை அமுக்கினாள். கீலில் நீர் இறங்கி உறைந்திருந்தது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, விரல் முட்டியால் ஓங்கி அழுத்தினாள். மூடி திறந்தது, டக்கென்று சுள்ளி முறிந்த சத்தத்தோடு. கிடா தலையைத் தூக்கியது. அவசரத்தில் சுட்டாள். தோட்டா ஏதோ ஒரு மரத்துக்குப் போனது.

எங்கள் பக்கத்துக் கேம்ப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. கிடாவைத் தவறவிட்டவருடைய சட்டையின் பின்வாலைக் கத்தரித்து, பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். வைனோவின் வால்களே அங்கே வரிசையாகத் தொங்கின. இர்யாவின் சட்டையில் கத்தரி பட்டது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து நின்று வெட்டக் கொடுத்தாள். வழக்கம் வழக்கம்தான். அதில் அவளுக்குக் கோபம் இல்லை.

கோபம் வந்தது இந்த வருடம், கோடை முடிவில் கேம்ப்பின் கூரைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோது. வைனோ ஏணியில் நின்றபடி, ஏதோ வானிலையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னான்.

"பீவர் அணை மறைப்ப இந்த வருஷம் ரோலண்டுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

ரோலண்ட் பெரோ அவனுடைய மருமகன். மர ஆலையில் வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன்.

"யாரு மறைப்ப யாரு குடுக்கறது?"

"கோவப்படாத இர்யா. உனக்கு ஈரம், குளிரு எல்லாம் ஆகாது. கேம்ப்லயே கதகதப்பா இரு. அடுப்பப் பாத்துக்க. பாஸ்டி சூடு பண்ணு. நீயும் கூட இருக்கற மாதிரி ஆச்சு."

"கூட இருக்கற மாதிரியா? ஏன், நான் செத்துட்டேனா?"

"போன வருஷம் என்னாச்சு? அவ்வளவு பெரிய கிடா..."

"போன வருஷம் என்னாச்சுன்னா, நீ வாங்கின குப்பை திறக்கல!"

"மூடிய ஏன் சொல்ற? கை முடியலன்னு ஒத்துக்கோயேன். அதுல என்ன வெக்கம்?"

அவள் ஏணியின் காலை உதைத்துவிடுவாள் என்று கீழே நின்ற ரோலண்ட் நினைத்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவள் உதைக்கவில்லை. உதைத்திருந்தால் வைனோ விழுந்து இடுப்பு முறிந்து, அவனை யார் பார்த்துக்கொள்வது என்று அதுவும் அவள் தலையில்தான் விடிந்திருக்கும்.

கத்திக் கத்திக் கடைசியில் வைனோ ஒரு தீர்ப்புச் சொன்னான். "சரி. இந்த ஒரு சீசன். கிடா வந்து நீ கோட்ட விட்டா, மறைப்பு ரோலண்டுக்கு. அதுக்கப்பறம் பேச்சு கெடையாது."

"உன் பேச்சும் கெடையாதுன்னா சரி."

மறுநாளே அவள் கடைக்குப் போனாள். தூண்டில், தோட்டா, பனிக்காலணி எல்லாம் விற்கும் டெல்பர்ட்டின் கடை. டெல்பர்ட் அவளோடு பள்ளியில் படித்தவன்.

"மறுபடியும் நீயா? போன வாட்டிதான் கையுறைய என் மூஞ்சில விட்டெறிஞ்சுட்டுப் போன."

"அது கையுறையா? விலங்கு. ஸ்கோப் மூடி காட்டு."

"எத்தன மில்லிமீட்டர்?"

"நாப்பது. அதுலயே போட்டிருக்கே."

டெல்பர்ட் சிரித்துவிட்டான். "அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. நாப்பதுங்கறது உள்ள இருக்கற லென்ஸோட அளவு. மூடி எதப் பிடிச்சுக்கும்? வெளி விளிம்ப. வெளி விளிம்பு அதவிடப் பெருசு. அந்த அளவு எடுத்துட்டு வா. பின்பக்கம் கண்ணு வைக்கற இடத்துக்கும் தனியா எடு, அது வேற அளவு."

"வைனோவுக்கு இதச் சொன்னியா?"

"சொன்னேனே. 'எனக்குத் தெரியும்'னான். நாப்பது வாங்கிட்டுப் போனான், பத்தல. குத்துமதிப்பா பெருசா வாங்கிட்டுப் போனான், லொடலொடன்னு இருந்துச்சு. சுத்த டேப்பும் நான்தான் வித்தேன்."

அவளுக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. ஒரு சீட்டுக் காகிதத்தைக் கிழித்து விளிம்பைச் சுற்றிக் குறித்திருந்தால் போதும். அந்த வேலைக்கு உடம்பு வணங்காமல் அவன் கொடுத்த டேப் சுற்றிய பரிசால் கிடா போயிற்று, சட்டை வால் போயிற்று, இப்போது இடமும் போகப் பார்க்கிறது. இத்தனைக்கும் பெயர் இர்யாவுக்குக் கை முடியவில்லை என்பது.

அளவெடுத்துக்கொண்டு, துப்பாக்கியையும் தோட்டா இல்லாமல் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். டெல்பர்ட் மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பினான்.

முதலில், மாட்டினபடியே பார்த்துச் சுடலாம் என்கிற கண்ணாடி மூடி. அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று, தெருவுக்கு அப்பால் மரங்கள் அடர்ந்த மேட்டைப் பார்த்தாள். உச்சி வெயிலில் சரியாகத்தான் இருந்தது. "மான் உச்சி வெயில்லயா வருது? சாயங்காலம் இதுல பாத்தா மானும் தெரியாது, மரமும் தெரியாது. மேல மழத்துளி விழுந்தா அதயும் சேத்துதான பாக்கணும்?" என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்தது ஸ்கோப் முழுவதையும் போர்த்தும் துணியுறை. லாரியில் போகும்போது நல்லது. காட்டில் நனைந்தால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், கழற்றுவதற்குள் மான் கனடா போய்ச் சேர்ந்துவிடும். ஸ்பிரிங் மூடியில் இன்னும் உயர்ந்த ரகம் ஒன்று இருந்தது. அலுமினியம். சத்தம் குறைவு என்றான் டெல்பர்ட். பொத்தானுக்குப் பதில் சின்ன நெம்புகோல். அவள் நெம்புகோலில் விரலை வைத்து அழுத்தினாள். வழுக்கியது. மறுபடி அழுத்தினாள். முகம் வெளுத்தது.

டெல்பர்ட்டின் கை தானாக முன்னால் வந்தது. "குடு, நான்..."

அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டு பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நேரம் திணறினாலும் வெளியே எடுக்கவில்லை. அந்த வருடம் அவளுக்கு ஒருவர் செய்த உருப்படியான உபகாரம் அதுதான்.

கடைசியில் எடுத்தது இருப்பதிலேயே சாதாரணமான ஒன்றை. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு ரப்பர் கிண்ணங்கள், நடுவே இழுபடும் பட்டை. ஒரு பக்கத்தை இழுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து கழன்று வந்துவிடும். கீல் இல்லை, உறைவதற்கு ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை.

"ஆனா ரப்பர் விளிம்ப விரலால கிள்ளி இழுக்கணும், இர்யா. உனக்கு..."

"கிள்ளணும்னு யார் சொன்னா?"

வீட்டுக்கு வந்து, பழைய காலணியின் தோல் கயிற்றை வெட்டி, முன்பக்கக் கிண்ணத்தின் ஓரத்தில் ஊசியால் துளைத்து ஒரு பெரிய வளையமாகக் கட்டினாள். கட்டுவதற்குள் ஒரு மத்தியானம் போயிற்று. நடுவில் ஊசியை இரண்டு தடவை சுவரில் எறிந்தாள். வளையம் மணிக்கட்டு நுழையும் அகலம். கையை உள்ளே விட்டு இழுக்கலாம், பல்லாலும் இழுக்கலாம். விசைக்குப் பக்கத்தில் எதுவும் தொங்காதபடி முன்பக்கம் மட்டுமே கட்டினாள். துப்பாக்கி வைத்திருப்பவர் யாரும் விசையருகே கயிறு விடமாட்டார்.

பிறகு சோதனை. ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றினால் குறி மாறிவிடும். அதனால் அதே பருமனுக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடினாள். முடக்குவாத மாத்திரை வரும் பெரிய புட்டி கிடைத்தது. அதன்மேல் ரப்பரை மாட்டி, தண்ணீர் தெளித்து, உறைபெட்டியில் நீலப்பழப் பைகளுக்கு நடுவே செருகிவிட்டாள். மறுநாள் எடுத்து வளையத்தில் கையை விட்டு இழுத்தாள். மேலே படிந்த பனி நொறுங்கி உதிர்ந்தது, ரப்பர் நழுவி வந்தது. வைனோ வாங்கிய ஸ்பிரிங் மூடிக்கும் அதே மரியாதையைச் செய்தாள். அது திறக்கவில்லை. சுத்தியால் அடித்தாள். திறந்தது, இரண்டாக.

கேம்ப்பில் பார்த்ததும் வைனோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன இர்யா, துப்பாக்கிக்குத் தொட்டில் கட்டியிருக்க? கன்னுக்குட்டிக்கு மூக்கணாங்கயிறு மாதிரி?"

"உன் வாய்க்கும் ஒண்ணு தெச்சுத் தரேன். மாட்டிக்க."

ரோலண்ட் மட்டும் வளையத்தை ஒருதடவை இழுத்துப் பார்த்தான். "சத்தமே இல்ல ஆன்ட்டி" என்றான். அப்புறம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட தன் பாஸ்டியின்மேல் குழம்பை ஊற்றிக்கொண்டான். கெட்சப் இருக்கும்போது குழம்பு ஊற்றுகிறவனை வைனோவின் வீட்டில் இன்னும் முழு மனிதனாக ஒத்துக்கொள்ளவில்லை.

திறப்பு நாளுக்கு முந்தைய பகல் அவள் மறைப்பைச் சரிபார்க்கப் போனாள். திரும்பும்போது ஈரப்பனி பிடித்துக்கொண்டது. துப்பாக்கி நனைந்து வந்தது, அதைத் தோளில் மாட்டும் தோல் வார் சொட்டச் சொட்ட இருந்தது. முன்னறையில், கணப்பு எட்டாத குளிரில், மற்றத் துப்பாக்கிகளோடு தோட்டா இல்லாமல் மாட்டினாள். துப்பாக்கி குளிரிலேயே இருக்க வேண்டும். குளிர்ந்த லென்ஸைச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்த்துவிடும். இது எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும்.

காலையில் இருட்டோடு புறப்பட்டாள். வெந்நீரில் ஊறிய கைகளுக்குத் தடித்த கையுறை. துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மறைப்பில் உட்கார்ந்து, சட்டப்படி சுடலாம் என்கிற நேரம் வந்ததும் தோட்டாவை ஏற்றினாள். வெளிச்சம் சாம்பலாக இறங்கியது. அணையில் ஓரம் மட்டும் உறைந்திருந்தது.

கிடா வந்தது. போன வருடத்தது அல்ல, வேறு. கழுத்துப் பருத்து, மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு ஒரு பெட்டையின் தடத்தில் நடந்தது. அவள் வளையத்தில் மணிக்கட்டை விட்டு இழுத்தாள். ரப்பர் சத்தமில்லாமல் மடியில் விழுந்தது. எல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது. துப்பாக்கியை ஏற்றிக் கண்ணை வைத்தாள்.

பால். பால் போன்ற வெள்ளை. ஒன்றுமே தெரியவில்லை.

கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே வெள்ளை. கையுறையின் முதுகால் லென்ஸைத் துடைத்தாள். போகவில்லை. விரல் முட்டியால் தேய்த்தாள். சொரசொரவென்று பனிப்படலம், கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. மூடிக்கு உள்ளே, ஒரு பொட்டு மழைகூடப் படாத இடத்தில். கிடா அணையின் விளிம்போடு நடந்து, நின்று, அவளைப் பார்க்காமலேயே அடர்த்திக்குள் போய் மறைந்தது. அவள் சுடவில்லை. தெரியாததைச் சுடுகிறவள் அல்ல.

தோட்டாவை இறக்கினாள். உட்கார்ந்தபடியே யோசித்தாள். உள்ளே எப்படி நீர் வந்தது? முன்னறைக் குளிரில் இருந்த துப்பாக்கி. வெளியிலும் குளிர். வியர்க்க வழியே இல்லை. ரப்பரின் குற்றமா? தன் குற்றமா? வைனோ சொன்னதுதான் சரியா? எழுந்து துப்பாக்கியைத் தோளில் மாட்டினாள். அப்போதுதான் வார் கன்னத்தில் உரசியது.

காய்ந்திருந்தது. அப்பளம் மாதிரி முறுகலாக. நேற்றுச் சொட்டச் சொட்ட மாட்டிய தோல், அந்தக் குளிரறையில் ஒரு வாரம் ஆனாலும் காயாது. வாரை மூக்கருகே கொண்டுபோனாள். விறகுப் புகை வாசம்.

காட்டுக்குள் அவள் அன்று நடந்த வேகத்தை அவளுடைய டாக்டர் பார்த்திருந்தால் பாதி மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

வைனோவும் ரோலண்டும் இடைக் காப்பிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்த விதத்திலேயே ரோலண்ட் குவளையைக் கீழே வைத்துவிட்டான்.

"வெடிச் சத்தம் கேக்கலயே?" என்றான் வைனோ.

"கேக்காது. கிடா வந்துச்சு. நான் சுடல."

வைனோ பெருமூச்சு விட்டான். முகத்தில் வருத்தம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். "சொன்னேன்ல இர்யா. பரவால்ல விடு. யாரும் உன்னக் குத்தம் சொல்லல. கை..."

"கையா? எந்தக் கைடா என் துப்பாக்கிய எடுத்து அடுப்புக்குப் பக்கத்துல வெச்சது?"

வைனோ குவளையை எடுத்து ஊதினான். ரோலண்ட் அவனைப் பார்த்தான்.

"மாமா, நீங்கதான வெச்சீங்க? நான் வேணாம்னேனே."

"நீ சும்மா இருடா." வைனோ அவள் பக்கம் திரும்பினான். "காலைல அந்த ஐஸ் மாதிரி இரும்பத் தொட்டா உன் கை என்ன ஆகும்? அதான், நீ தூங்கினப்பறம் உள்ள கொண்டுவந்து கொஞ்சம் வாட்டி வெச்சேன். நீ எழறதுக்கு முன்னாடியே திருப்பி மாட்டிட்டேன். உன் நல்லதுக்குத்தான்!"

"மூடியோட?"

"மூடியோடதான். தூசி படக்கூடாதுல்ல?"

"ஈரத்தோட மூடி, மூடியோட அடுப்பு. உள்ள ஆவி அடைஞ்சு, வெளிய கொண்டுபோனதும் உறைஞ்சு... வைனோ, உனக்கு வயசு என்ன? சின்னப் பையன் பண்ணுவானா இத? உன் துப்பாக்கிய என்னிக்காவது அடுப்புகிட்ட வெச்சியா?"

"என்னோடத எதுக்கு வைக்கணும்? எனக்குத்தான் கை நல்லா..."

அங்கே நிறுத்திக்கொண்டான்.

"முடிச்சுடு," என்றாள் இர்யா. "உனக்குக் கை நல்லா இருக்கு. அதனால உன் துப்பாக்கிக்கு ஒரு சட்டம், என்னோடதுக்கு ஒரு சட்டம். என்னக் கேக்கணும்னு தோணல. போன வருஷமும் கேக்கல. அளவு என்னன்னு கேக்கல, பொத்தான் அமுக்க வருமான்னு கேக்கல. நீ பண்றத எல்லாம் பண்ணிட்டு, பழிய எம் மேல போட்டுட்டு, 'பரவால்ல விடு'ங்கற. ரெண்டு கிடா, வைனோ. ரெண்டயும் விட்டது நீ."

"நான் விசையையே தொடலயே!"

"இந்த வருஷம் நானும்தான் தொடல. எழுந்திரு."

"எதுக்கு?"

"கிடாவ விட்டவனுக்கு என்ன வழக்கம்?"

ரோலண்ட் தனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிப் பார்த்தான். வைனோ எழுந்திருக்கவில்லை. அவன் போட்டிருந்தது கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, மகள் வாங்கிக் கொடுத்தது. "இது புதுசு" என்றான். "என்னோடதும் போன வருஷம் புதுசுதான்" என்றாள். ஆணியில் தொங்கிய கத்தரியை எடுத்தாள். அதன் வளையங்களில் அவளுடைய விரல்கள் நுழையாது. ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு ரோலண்டிடம் நீட்டினாள்.

"என்னால முடியாது. நீ வெட்டு."

ரோலண்ட் மாமனாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கத்தரியை வாங்கிக்கொண்டான். வைனோ முணுமுணுத்துக்கொண்டே எழுந்து திரும்பி நின்றான். கம்பளி தடிமனானது. நறநறவென்று வெட்டுப்பட வெகுநேரம் ஆயிற்று.

"சரி, ஆச்சு" என்றான் வைனோ, பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு. "ஆனா பேச்சு பேச்சுதான். கிடா வந்து போச்சு. மறைப்பு ரோலண்டுக்குன்னு நான் சொல்லிட்டேன். அவன் என்ன நினைப்பான்?"

"என்ன நினைப்பேன்?" என்றான் ரோலண்ட். கையில் இன்னும் கத்தரி இருந்தது. "நான் எப்ப மாமா அந்த எடத்தக் கேட்டேன்?"

"கேக்கலயா?"

"அந்தச் சதுப்புலயா? போன வருஷம் அங்க இறங்கி பூட்ஸ் ரெண்டும் போச்சு எனக்கு. மேட்டு மேல, லாரிக்குப் பக்கத்துல நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். குளிரினா ஹீட்டர் போட்டுக்கறேன். ஆன்ட்டி எடத்தப் புடுங்கறேன்னு ஊர்ல எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க. கடையில டெல்பர்ட் எனக்குத் தோட்டாகூட மூஞ்சியத் திருப்பிட்டுதான் குடுத்தாரு."

இர்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பதா, இவனையும் இரண்டு சாத்துவதா என்று தெரியவில்லை. "ஏண்டா, இத கோடைலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"யாரும் கேக்கலயே ஆன்ட்டி."

அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். குளிரிலேயே நின்று, மூடியைத் தனியாகத் தொங்கவிட்டு, லென்ஸை மெல்லிய துணியால் பனி போகும்வரை பொறுமையாகத் துடைத்தாள். ரப்பரின் உட்புறத்தையும் துடைத்தாள். முன்னறைக் கதவுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள். "எம் பொருள யாராவது தொட்டா, அடுத்தது சட்ட வால் இல்ல" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். மத்தியானமே மறைப்புக்குத் திரும்பினாள்.

அன்றும் மறுநாளும் ஒன்றும் வரவில்லை. வார முடிவில் நல்ல பனி விழுந்து நின்றபின் ஒரு நடுத்தரக் கிடா தேவதாரு அடர்த்தியிலிருந்து இறங்கியது. அவளுக்கு அன்று இடது கை எழவே எழாத காலை. துப்பாக்கியை மறைப்பின் பலகையில் தாங்கி, வளையத்தைப் பல்லால் கடித்து இழுத்தாள். கண்ணாடி தெளிவாக இருந்தது, மானின் காதோரத்துப் பனித்துளிவரை தெரிந்தது. சுட்டாள். கிடா நாலு தாவல் தாவி, அணையின் அந்தக் கரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு வைனோ கயிற்றோடு வந்தான். விழுந்து கிடந்ததைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கயிற்றைக் கட்டக் குனிந்தவன் பாதியில் நிமிர்ந்தான்.

"நான் இழுக்கட்டுமா?"

இர்யா அவனை ஒருகணம் பார்த்தாள். கயிற்றைப் பிடித்து மானை இழுக்கும் வேலையெல்லாம் அவளுடைய கைகளுக்கு முடிந்துபோன கதை. அது அவளுக்குத் தெரியும்.

"இழு."

"கேட்டுட்டேன் பாத்தியா?"

"கேட்டதுக்கு ஊர்வலம் வைக்கணுமா? கொம்புல சுத்திக் கட்டு, தலை தரையில இடிக்காம."

தோட்டா இறக்கிய இரண்டு துப்பாக்கிகளையும் அவள் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டாள். வைனோ கயிற்றை மார்பில் போட்டுக்கொண்டு முன்னால் இழுத்தான், வெட்டுப்பட்ட சட்டைக்குக் கீழே உள்பனியன் தெரிய. மூச்சு வாங்க வாங்க, வழியை அவனே தீர்மானித்தான்.

"இடது பக்கம் போ. நேரா போனா பனிக்குக் கீழ தண்ணி" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் வைனோ. ஒரு அடி எடுத்து வைத்தான், தொடைவரை உள்ளே போனான்.